உறைமண் உருகினால் பீட் நிலம் கார்பனை விடுமா, சேர்க்குமா?

வேர்முடிச்சு:
வடதுருவத்தைச் சுற்றிய உறைமண்ணில், அதாவது ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலத்தில், சுமார் 1,400 முதல் 1,600 கிகாடன் (ஒரு கிகாடன் நூறு கோடி டன்) கார்பன் இருக்கிறது. காற்றில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. உருகினால் அத்தனையும் வெளியே வந்துவிடும் என்று, உடனே 'வெடிகுண்டு' என்று எழுதிவிடுகிறார்கள். இந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. ஸ்வீடனின் வடகோடியில், அபிஸ்கோவுக்குப் பக்கத்தில் ஸ்டோர்டாலன் என்றொரு சதுப்பு. அங்கே உறைந்த பீட் (முழுதாக மட்காமல் சேர்ந்த செடிப் படிவு) மேடுகள் உருகி, உட்கார்ந்து, தண்ணீர் கட்டிக்கொள்கின்றன. முதலில் ஸ்பாக்னம் பாசி பிடிக்கிறது, பிறகு பஞ்சுப்புல் வருகிறது. காய்ந்த மேட்டைவிட இந்த ஈர நிலம் கார்பன் டை ஆக்சைடை அதிகமாக இழுக்கிறது. ஆக்சிஜன் இல்லாததால் மட்குவதும் மெதுவாகிறது.

ஈரநிலம்:
வெடிகுண்டு வேண்டாம், சரி. ஆனால் பாதிக் கணக்கோடு நிறுத்திவிட்டீர்களே, மீத்தேன் எங்கே? தண்ணீர் நின்ற நெல் வயலில் நடப்பதேதான் அங்கேயும் நடக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. ஸ்டோர்டாலனில் கிடைத்த அப்படியொரு நுண்ணுயிரை 2014இல் மெத்தனோஃப்ளோரன்ஸ் என்று பெயரிட்டு விவரித்தார்கள். பாசிப் படுகையில் மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் உண்டு. பஞ்சுப்புல்லின் காற்றறைத் தண்டோ, நெல் தாளைப் போலவே, அவற்றுக்குச் சிக்காமல் வாயுவை மேலே அனுப்பிவிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடைவிட 27 முதல் 30 மடங்கு சூடேற்றும். இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்கு.

வேர்முடிச்சு:
மீத்தேனை மறுக்கவில்லை. அது எந்தக் கார்பனிலிருந்து வருகிறது என்பதே என் கேள்வி. வட கனடாவின் உருகிய பீட் நிலங்களில் கார்பனின் வயதைக் காட்டும் ரேடியோகார்பன் வைத்துப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், வெளியேறிய மீத்தேனில் பழைய உறைமண் கார்பனின் பங்கு மிகச் சிறியது. பெரும்பகுதி அண்மையில் வளர்ந்த செடிகளுடையது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புதைந்தது பெரும்பாலும் புதைந்தபடியே இருக்கிறது.

ஈரநிலம்:
வயது பார்த்தா மீத்தேன் சூடேற்றுகிறது? செடி கார்பன் டை ஆக்சைடாக உள்ளே எடுத்ததை மண் மீத்தேனாகத் திருப்பித் தருகிறது. போன வருடத்துக் கார்பனாக இருந்தாலும் அந்த மாற்றமே கேடுதான். அப்புறம், எல்லா இடமும் உங்கள் கனடா போலில்லை. அலாஸ்காவின் இன்னோகோ சமவெளியில், உருகிய சில பத்தாண்டுகளுக்குள் காட்டுப் பீட்டின் கார்பனில் சுமார் 30 சதவீதம் போய்விட்டது. அதே 2017இல் வந்த ஆய்வு. இழந்ததை மறுபடி சேர்க்க நூற்றாண்டுகள் ஆகும் என்கிறது.

களிமண்:
இரும்பை இருவருமே விட்டுவிட்டீர்கள். உறைந்த மேட்டில் துருவோடு ஒட்டிக்கொண்ட கார்பனை நுண்ணுயிர் எளிதில் தொட முடியாது. தண்ணீர் தேங்கினால், ஆக்சிஜனுக்குப் பதில் இரும்பை வைத்துச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் துருவைக் கரைக்கின்றன, கார்பன் கழன்றுவிடுகிறது. ஸ்டோர்டாலனிலேயே இதை அளந்து 2020இல் வெளியிட்டார்கள். ஆகவே ஈரம் வந்தால் மட்குதல் மெதுவாகும் என்பது முழு உண்மையில்லை, வேர்முடிச்சு.

வேர்முடிச்சு:
இரும்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, முதல் பதிவில் அந்த வரியை அழுத்தமாக எழுதிவிட்டேன். ஆனாலும் மீத்தேன் காற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான் தங்கும். பாசி புதைக்கும் கார்பன் நூற்றாண்டுக் கணக்கில் கூடிக்கொண்டே போகும். நீண்ட காலத்தில் இந்தச் சதுப்பு குளிர்விக்கும் பக்கம் சாயலாம்.

ஈரநிலம்:
சாயலாம், நிலம் ஈரமாகவே இருந்தால். பஞ்சுப்புல் ஆக்கிரமித்து மீத்தேன் ஏறும் கட்டம்தான் நம் பிள்ளைகள் வாழப்போகும் காலம். நான் அந்தக் கணக்கைத்தான் கேட்கிறேன்.