சாளை நெய் பாணில் சொட்டும் மாதம்

வருகிற ஜூன் 18, வியாழக்கிழமை, நாங்கள் ஐவரும் லண்டனிலிருந்து போர்த்துக்கலின் தென்கரையில், ஃபாரோவுக்கு அருகேயுள்ள ஒல்யாவ் என்ற மீனவ ஊருக்குப் பத்து நாட்கள் தங்கப் போகிறோம். திகதியைத் தீர்மானித்தது விமானச் சீட்டின் விலை அல்ல, சாளை மீன்தான்.

முன்னொரு முறை பெப்ரவரியில் போயிருந்தோம். ஞாயிறு பிற்பகலில் போய் இறங்கியதால் சந்தை பூட்டிக் கிடந்தது; கொண்டுபோன அரிசியையும் பருப்பையும் காய்ச்சி அன்றைய பொழுதைக் கழித்தோம். இரண்டு நாள் கழித்து ஒரு சிறிய உணவகத்தில் ஆசையோடு சாளை கேட்டபோது, முதலாளி தலையை ஆட்டி, மாரியில் முட்டையிட்டு மெலிந்த மீனை உங்களுக்குத் தர மனம் வரவில்லை, ஜூனில் வாருங்கள் என்றார். வியாபாரத்தை விட மீனின் பக்குவத்தைப் பெரிதாக நினைத்த அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

கோடையில் அதே மீன் கொழுத்துவிடும். குடலைக்கூட எடுக்காமல், கல்லுப்புத் தூவி முழுதாகக் கரி நெருப்பில் வாட்டி, தடித்த பாண் துண்டின் மேல் வைத்துக் கையால் உண்பார்கள். மீனின் நெய் ஊறிய அந்தப் பாணைக் கடைசியில் சாப்பிடுவதுதான் ருசி என்கிறார்கள். ஜூன் 24இல் வரும் புனித யோவான் திருநாளுக்குச் சாளை பாணில் சொட்டும் என்று அவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு. அந்த நாளில் நாங்கள் அங்கிருப்போம்.

பாண் என்று நாம் சொல்வதும் அவர்களுடைய சொல்தான். 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள் விட்டுச்சென்ற சொற்களை நாம் வீட்டுக்குள் வைத்திருக்கிறோம். அந்த உணவகத்தில் எங்களுக்கு ஓர் இருக்கை குறைந்தபோது, பரிமாறியவர் உள்ளே பார்த்து "கதெய்ரா" என்று குரல் கொடுத்தார். அம்மா சட்டென்று நிமிர்ந்து, "கதிரையைத்தானே கேட்கிறார்?" என்றார். அதன் பிறகு மேசை, சாவி, ஜன்னல், குசினி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, இரவு முழுவதும் அந்த மகிழ்ச்சியிலேயே இருந்தார்.

அம்மாவுக்காக நான் எதிர்பார்த்திருப்பது மட்டி. ஒலிவ் எண்ணெயில் உள்ளியை வதக்கி, மட்டி வாய் திறந்ததும் கொத்தமல்லி இலையை அள்ளித் தூவி இறக்குவார்கள்; புல்யாவ் பாத்து என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞரின் பெயரால் அதை அழைக்கிறார்கள். ஐரோப்பாவில் கொத்தமல்லி இலையை இவ்வளவு தாராளமாகப் போடும் வேறு சமையலை நான் கண்டதில்லை. பக்கல்யாவ் என்னும் உப்பிட்டு உலர்த்திய கொட் மீனை நாமே சமைப்பதானால், ஒன்றிரண்டு நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமையே வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் ஊறப்போடத் திட்டமிட்டிருக்கிறேன். சனி காலையில் மீன் சந்தையின் செங்கல் கட்டடத்துக்கு வெளியே, களப்புக் கரையோரம், தோட்டக்காரர்கள் தங்கள் விளைச்சலைப் பரப்புவார்கள். அன்று விடியவே எழும்ப வேண்டும்.

முதன்முறை போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கேட்காமலே பாண், வெண்ணெய், ஒலிவ் காய் மேசைக்கு வரும். உண்டால் அதற்குப் பணம் உண்டு, கேட்காமலும் தொடாமலும் விட்டால் வசூலிக்கச் சட்டம் இடம் தராது. ஒரு முழுப் பங்கு பெரும்பாலும் இருவருக்குப் போதும். "மெய்யா தோஸ்" என்று பாதிப் பங்கும் கேட்கலாம்.

சென்ற முறை இரண்டு கிலோ கறித்தூள் கொண்டுபோய் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். இந்த முறை நல்ல மீன் கத்தி ஒன்றை மட்டும் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். ஒல்யாவின் பழைய வீடுகளுக்கு நம் ஊரைப் போலவே மொட்டைமாடி உண்டு. எங்கள் வீட்டு மாடியில் கரி அடுப்பு இருப்பதாக உரிமையாளர் நேற்று எழுதியிருந்தார். கரியும் கல்லுப்பும் அங்கேயே வாங்கிக்கொள்வோம்.