அடைக்கலம் கொடுத்த ஹட்டிக்கு நன்றிக் கல் வைக்கலாமா?

கோத்தகிரிப் பேரன்:
இலங்கையில் 1977 ஆகஸ்ட் கலவரத்தில் எங்கள் பாட்டி குடியிருந்த லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, தீ வைத்தார்கள். மலையகத் தமிழரை இரு நாடுகளும் பிரித்துக்கொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியக் கடவுச்சீட்டு முன்பே கைக்கு வந்திருந்தது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். பிறகு தூரத்துச் சொந்தம் ஒருவரை நம்பி நீலகிரியில் உள்ள கோத்தகிரிக்கு வந்தபோது ஐப்பசி மழை. கையில் இரண்டு சேலையும் ஒரு குத்துவிளக்கும். அந்தச் சொந்தக்காரர் கதவைத் திறக்கவில்லை. பக்கத்து ஹட்டியில் (நீலகிரியின் படுகர் மக்கள் வாழும் ஊர்) ஒரு படுகர் வீட்டார்தான் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கும் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். மூன்று மாதம் வாடகை கேட்கவில்லை. பெரியப்பாவுக்கு அப்போது நான்கு வயது. அவருக்கென்று தினமும் ஒரு செம்பு பால் வரும். வருகிற ஜனவரியில் அந்த ஹட்டியில் நன்றி சொல்லி ஒரு கல் நட ஆசைப்படுகிறோம். என்ன நினைக்கிறீர்கள்?

கூடலூர் மகள்:
கல் வேண்டாம் தம்பி. நானும் அதே கப்பலில் வந்தவர்களின் பேத்திதான். 1964இல் அந்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று நம்மைப் பங்கு போட்டார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நம்மிடம் யாராவது கேட்டார்களா? வந்த பிறகு சும்மா உட்கார்ந்து சாப்பிட்டோமா? கேரட் தோட்டத்திலும் தேயிலையிலும் நம் அம்மாக்கள் முதுகு ஒடிய உழைத்தார்கள். அந்த மூன்று மாத வாடகை அப்போதே தீர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'சிலோன்காரி'. சாதிச் சான்றிதழுக்கு அலைந்தபோது தாத்தாவின் பூர்வீக ஊரிலிருந்து சான்று கொண்டுவா என்றார்கள். கல் நட்டால் நாம் இன்னும் விருந்தாளிகள் என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும்.

கோத்தகிரிப் பேரன்:
அக்கா, நீங்கள் சொல்லும் அவமானம் எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் ஒப்பந்தம் பால் கொண்டுவந்து கொடுக்கவில்லையே. அரசுகள் செய்ததற்கு பால் கொடுத்த அந்தப் படுகர் வீட்டு அம்மாவின் கணக்கில் ஏன் கழிக்க வேண்டும்?

ஹட்டிக்காரன்:
நான் படுகன். உண்மையைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் கிழங்கை விட்டுத் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது, தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. இடம் கொடுத்ததில் இரக்கமும் இருந்தது, எங்கள் தேவையும் இருந்தது. வெறும் தருமம் என்று எழுதினால் என் தாத்தாவே ஒத்துக்கொள்ள மாட்டார். அப்புறம், ஹட்டிக்குள் கல் நட ஊர்த் தலைவரான கௌடரிடம் கேட்க வேண்டும். அதைவிட, எங்கள் தெய்வம் ஹெத்தையம்மனின் ஹெத்தை பண்டிகைக்கு வெள்ளை உடுத்திக் குடும்பத்தோடு வாருங்கள். அந்த வீட்டுப் பெரியவர்கள் யாராவது இருந்தால் நேரில் பார்த்துப் பேசுங்கள்.

பந்தலூர் டீச்சர்:
இடம் கொடுத்தது யார் என்று பேசினால் முழுதாகப் பேச வேண்டும். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது, இன்றைய டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்). அது போடப்பட்டது காட்டு நிலத்தில். எங்கள் பக்கத்தில் பழங்குடிகளான பணியரும் காட்டுநாயக்கரும் தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுத்த, கிழங்கு தோண்டிய காடு. அவர்களிடமும் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் எடுக்கப்பட்ட இடத்துக்கு எந்தக் கல்லில் நன்றி எழுதுவீர்கள்? இப்போது அந்தத் தோட்டங்களில் ஒரு பகுதி வனத்துறைக்குத் திரும்பிப் போகிறது. ஓய்வுபெற்ற தொழிலாளிகள் லைன் வீட்டை விட்டு எங்கே போவது என்று தவிக்கிறார்கள். கல்லுக்கு வைத்திருக்கும் பணத்தை அவர்களின் வழக்குச் செலவுக்குக் கொடுக்கலாமே.

கூடலூர் மகள்:
டீச்சர் சொன்னதில் எனக்கும் குத்துகிறது. எங்கள் லைனுக்குப் பின்னால் பணியர் பாடி (குடியிருப்பு) ஒன்று இருந்தது. பிரசவத்துக்கு மருத்துவமனை போக வழியில்லாதபோது அங்கிருந்து வந்த பாட்டிதான் என் அம்மாவைக் காப்பாற்றினார். எங்கள் வீட்டில் அவர் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கல் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் நேரில் போய்ச் சொல்வதைத் தடுக்க மாட்டேன். தம்பி, ஒன்று மட்டும்: அந்தத் தோட்டத்தில் பாட்டிக்கு அன்று என்ன கூலி என்று பெரியப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்.

கோத்தகிரிப் பேரன்:
கேட்டேன் அக்கா. கூலி அவருக்குத் தெரியவில்லை. ஆண்களுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு என்று பாட்டி சண்டை போட்டது நினைவிருக்கிறதாம். சண்டை போட்ட அன்றும் பால் வந்ததாம். கல்லை விட்டுவிட்டோம். பண்டிகைக்குப் பெரியப்பாவை அழைத்துப் போகிறேன், குத்துவிளக்கையும் எடுத்துக்கொண்டு. டீச்சர், அந்த லைன் வீட்டுக்காரர்களில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.