கேட்டில் சொருகிவிட்டுப் போகும் நோட்டீஸ்கள்: யாராவது நிறுத்தியிருக்கிறீர்களா?

மடிப்பாக்கத்திலிருந்து:

போனில் வரும் விளம்பரத் தொல்லைக்கு 1909 என்று ஒரு எண் இருக்கிறது. பதிவு செய்தால் முழுதாக நிற்காவிட்டாலும் பாதியாவது குறைகிறது. கேட்டில் சொருகும் நோட்டீஸுக்கு அப்படி எதுவும் கிடையாது.

எங்கள் தெருவுக்கு வாடிக்கையாக வருபவை: ஆர்.ஓ. சர்வீஸ், புதிதாகத் திறந்த பிரியாணிக் கடை, பிளே ஸ்கூல் அட்மிஷன், செங்கல்பட்டு தாண்டி மனை, வீடு மாற்றித் தருபவர்கள். கொசுவலைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய் ஸ்டிக்கராகவே ஒட்டிவிடுகிறார். உரித்தால் கேட் பெயின்ட்டும் சேர்ந்து வருகிறது. காற்றடித்தால் எல்லாம் தெருவுக்குப் போகும், மழை வந்தால் வடிகால் வாயில் போய் உட்காரும்.

குப்பை ஒரு பக்கம் இருக்கட்டும், என்னை உறுத்துவது வேறு. ஒரு வாரம் ஊருக்குப் போனால் கேட் இடுக்கில் சேரும் நோட்டீஸே 'வீட்டில் ஆள் இல்லை' என்று தெருவுக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். பாலையும் பேப்பரையும் நிறுத்தச் சொல்லிவிட்டுப் போகலாம். இதை யாரிடம் சொல்வது?

ஒரு நோட்டீஸில் இருந்த எண்ணுக்கே போன் செய்து பார்த்தேன். கடைக்காரர் மரியாதையாகவே பேசினார். "இனிமே வராது சார்" என்றார். வந்தது. மறுபடி கூப்பிட்டதும், "நாங்க ஏஜென்சிகிட்ட மொத்தமா கொடுத்துடறோம் சார். அவங்க எந்தத் தெருவுல போடறாங்கன்னு எங்களுக்கே தெரியாது" என்றார். பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. உங்களில் யாருக்காவது இதை நிறுத்திய அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

கோவையிலிருந்து:

சார், நான் அச்சகம் நடத்துகிறவன். நீங்கள் திட்டும் நோட்டீஸில் கொஞ்சம் எங்கள் மெஷினில் ஓடியதாகவும் இருக்கலாம். திட்டுவதற்கு முன் கணக்கைக் கேளுங்கள்.

ஒரு டெய்லர் கடைக்காரர் வருகிறார். ஆயிரம் நோட்டீஸ் போதும் என்கிறார். டிசைன், பிளேட், மெஷின் ஏற்றும் கூலி எல்லாம் ஆயிரத்துக்கும் ஒன்றுதான், ஐயாயிரத்துக்கும் ஒன்றுதான். கூடுவது பேப்பரும் கொஞ்சம் ஓட்டுக்கூலியும். ஆயிரத்துக்கு ஒரு விலை சொன்னால் அடுத்த கேள்வி, "அஞ்சாயிரம்னா எவ்வளவு?" சொன்னதும், "அட, இவ்வளவுதான் வித்தியாசமா? அப்ப அஞ்சாயிரமே போட்டுடுங்க." அவர் கடைக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் ஐயாயிரம் வீடு இருக்காது. மிச்சம் எங்கே போகும்? உங்கள் கேட்டுக்கு இரண்டு, பஸ் ஸ்டாண்டில் கொஞ்சம், கடை பரணில் ஒரு கட்டு. தெருவில் கிடக்கும் பேப்பரில் பெரும்பங்கு இந்த இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. விநியோகிக்கிற பையன் அதற்கப்புறம்தான் வருகிறான்.

இன்னொன்று. என் அப்பா காலத்து நோட்டீஸ் மஞ்சள், ரோஸ் என்று மெல்லிய பேப்பரில் ஒரு பக்கம் மட்டும், ஒரே கலரில் ஓடியது. பின்பக்கம் பிள்ளைகள் கணக்குப் போடலாம். மளிகைக்கடையில் பொட்டலம் மடிக்கலாம். புதுப் படம் வந்தால் மைக் கட்டிய வண்டியிலிருந்து வீசுவார்கள், பின்னாலேயே ஓடிப் பொறுக்குவோம். அது குப்பையாகத் தரையில் தங்கியதே இல்லை. இப்போது எல்லோருக்கும் ஆர்ட் பேப்பர், மல்டிகலர், இரண்டு பக்கமும் படம். பென்சில் பிடிக்காது, வழவழப்பில் பொட்டலமும் நிற்காது. பழைய பேப்பர் கடையில் செய்தித்தாளோடு கலந்து போட்டால் உருவி வெளியே எறிகிறார். லேமினேஷன் போட்டது என்றால் அவ்வளவுதான், அரைத்துக் கூழாக்குவதே பாடு.

நோட்டீஸ் அடிப்பதில் கெடுபிடி என்று நான் பார்ப்பது தேர்தல் நேரத்தில்தான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ. தேர்தல் நோட்டீஸில் அச்சடித்தவர், வெளியிடுபவர் இருவருடைய பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்துப் போட்டு, அவரை நேரில் தெரிந்த இரண்டு பேர் சான்று கொடுத்த உறுதிமொழியை இரண்டு பிரதி வாங்கிக்கொள்ளாமல் நான் மெஷினைத் தொடக்கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பிரியாணிக் கடை நோட்டீஸை யாரும் இப்படி ஆள் பார்த்து அடிப்பதில்லை.

கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். 'இந்த நோட்டீஸைக் கொண்டுவந்தால் 20 ரூபாய் தள்ளுபடி' என்று ஒரு வரி சேருங்கள். திரும்பி வரும் நோட்டீஸை எண்ணிப் பாருங்கள். எண்ணிப் பார்த்தவர்கள் அடுத்த தடவை குறைத்துத்தான் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு நஷ்டம்தான், ஆனால் வாடிக்கையாளர் நிற்கிறார்.

திருச்சியிலிருந்து:

பேப்பருக்குள் வருவதைப் பற்றி நான் சொல்கிறேன். படிக்கிற காலத்தில் பேப்பர் போட்டவன்.

விடியற்காலை நாலு மணிக்குக் கட்டு வந்து இறங்கும். தெருவிளக்கு வெளிச்சத்தில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து இணைப்பைச் சொருகுவோம். நோட்டீஸ் இருக்கிற அன்று அதையும் சேர்த்துச் சொருக வேண்டும். ஏஜென்ட்டுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ரேட். எங்களுக்கு அதில் டீக்காசு. யார் வீட்டுப் பேப்பர் எது என்று அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை, கை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆடி மாதம் வந்தால் துணிக்கடை நோட்டீஸ் கனத்தில் சைக்கிள் பின்பாரம் இழுக்கும்.

அதனால் காலையில் பையனை நிறுத்தி "எனக்கு நோட்டீஸ் வேண்டாம்" என்று சொல்லிப் பயனில்லை. உங்கள் கண்முன்னே எடுத்துவிடுவான், பக்கத்து வீட்டுக்கு இரண்டாகப் போகும். மாதாமாதம் பில் கொடுக்கும்போது ஏஜென்ட்டிடம் சொல்லுங்கள். எங்கள் ஏஜென்ட் ஒரு டாக்டர் வீட்டுக்காக அடிக்கட்டில் ஒரு பிரதியை நோட்டீஸ் இல்லாமல் தனியாக வைப்பார். டாக்டர் சந்தாவையே நிறுத்திவிடுவேன் என்று சொன்ன பிறகுதான் அதுவும் நடந்தது.

ஜெர்மனியிலிருந்து:

யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே கனகாலமாக இருக்கிறேன். இங்கே தபால் பெட்டியில் 'விளம்பரம் வேண்டாம்' என்று சின்னதாக ஒன்று ஒட்டிவிட்டால் விளம்பரத்தாள் போடக்கூடாது. ஒட்டினதை மதிக்காமல் போட்டால் வழக்கு வைக்கலாம். 1988இல் இந்த நாட்டின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தெருத்தெருவாகத் தாள் போடுகிற பொடியனுக்குச் சட்டம் தெரியாமல் இருக்கலாம், அவனை அனுப்புகிற கொம்பனிக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் சின்ன ஒட்டுக்கு இவ்வளவு பயம்.

ஆனால் அதற்கும் ஓட்டை உண்டு. உள்ளூர்ச் செய்தி நாலு வரி போட்டு மிச்சம் எல்லாம் விளம்பரமாக வரும் இலவசப் பத்திரிகைக்கு அந்த ஒட்டு போதாது. 'இலவசப் பத்திரிகையும் வேண்டாம்' என்று இன்னொரு வரி எழுத வேண்டும். பெயரும் முகவரியும் போட்டு வருகிற விளம்பரக் கடிதத்தைத் தபால்காரர் போட்டுவிட்டுத்தான் போவார், அதை அனுப்பினவருக்கே எழுதி நிறுத்த வேண்டும்.

இப்போது தாளே குறைந்துகொண்டு வருகிறது. ரேவே என்ற பெரிய பலசரக்குக் கடைத்தொடர் 2023 ஜூலையிலிருந்து அச்சிட்ட விளம்பரத்தாளை விட்டுவிட்டது. கிழமைக்கொருக்கால் தபால்காரரே கட்டாகப் போட்டுவிட்டுப் போகும் 'ஐன்காவ்ஃப் அக்டுவெல்' என்ற விளம்பரத்தாள் கட்டு 2024 மார்ச்சோடு நின்றது. என் மச்சாள் இருக்கிற ஆம்ஸ்டர்டாமில் விசயம் தலைகீழ். அங்கே 2018 ஜனவரியிலிருந்து 'விளம்பரம் வேண்டும்' என்று ஒட்டினவர்களுக்கு மட்டும்தான் போடலாம். ஒன்றும் ஒட்டாமல் சும்மா இருந்தாலே வராது. அச்சு, விநியோகக்காரர்கள் வழக்காடிப் பார்த்தார்கள். 2021இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நகரசபை பக்கம் நின்றது.

அம்மா ஊரிலிருந்து வந்து நின்ற நேரம் நான் அந்த ஒட்டைக் கழற்ற வேண்டியதாய்ப் போச்சு. அவவுக்கு ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாது. படத்தையும் விலையையும் பார்த்து, எந்தக் கடையில் கோழி மலிவு, எந்தக் கடையில் வெங்காயம் மலிவு என்று பேனையால் வட்டம் போட்டு வைத்திருப்பா. அவ நின்ற மூன்று மாதமும் எங்கள் வீட்டுச் சாமான் செலவு குறைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

டொரொண்டோவிலிருந்து:

இங்கேயும் தபால் பெட்டியில் குறிப்பு எழுதி வைத்தால் முகவரி இல்லாத விளம்பரத்தைத் தபால்காரர் போடமாட்டார். எம்.பி. அனுப்பும் தாள், தேர்தல் தாள் போன்றவை அதையும் தாண்டி வரும்.

ஸ்கார்பரோவில் எங்கள் பிரச்சினை வேறு. வீடு விற்றுக் கொடுக்கும் நம்முடைய ஆட்கள் நோட்டீஸ் படத்தில் கோட்டு, சூட்டோடு சிரித்துக்கொண்டு கதவிடுக்கால் நேராகவே உள்ளே வந்துவிடுவார்கள். தபால்காரருக்கு எழுதிய குறிப்பு அவர்களை என்ன செய்யும்? நீங்கள் கேட்டால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், ஆனால் பக்கத்துத் தெருவில் எந்த வீடு என்ன விலைக்குப் போனது என்ற அந்தத் தாளை நாங்கள் எல்லோரும் வாசிக்கிறோம். வாசித்துவிட்டுத்தான் மறுசுழற்சிக்கான நீலப் பெட்டியில் போடுகிறோம். அவர்களுக்கும் அது தெரியும்.

மதுரைப் பக்கத்திலிருந்து:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். என் மாமியாருக்குக் கண்ணில் புரை வந்து இரண்டு வருஷம் யாரிடமும் சொல்லாமல் இருந்தார். ஊர்ச் சாவடியில் கொடுத்த இலவசக் கண் முகாம் நோட்டீஸை மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்து, தேதி வந்ததும் அவரே கிளம்பிப் போய்விட்டார். வண்டியில் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்து திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. நோட்டீஸே கூடாது என்று சட்டம் போட்டால் முதலில் நிற்பது இந்த மாதிரி நோட்டீஸாகத்தான் இருக்கும். மனை விற்பவர் எப்படியாவது வழி கண்டுபிடித்துக்கொள்வார்.

சென்னை, தி. நகரிலிருந்து:

அக்கா சொல்வது சரிதான். நான் கொடுக்கிற பக்கத்தில் நின்றவன். காலேஜ் லீவில் ரங்கநாதன் தெரு முனையில் நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். நாள் சம்பளம். கட்டு தீர்ந்தால்தான் வீடு.

அந்த ஒரு விதியில்தான் எல்லாக் கெடுதலும் இருக்கிறது. கொடுத்தேனா என்று யாரும் பார்க்கவில்லை, தீர்ந்ததா என்றுதான் பார்த்தார்கள். சூப்பர்வைசர் பைக்கில் இரண்டு தடவை சுற்றி வருவார். அவர் தலை மறைந்ததும் பாதிக் கட்டைக் குப்பைத்தொட்டியிலோ, டிரான்ஸ்பார்மர் பின்னாலோ போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற பையன்கள் என்னோடு இருந்தார்கள். வீடுகளுக்குப் போடுகிறவர்கள் அலுத்துப்போனால் ஒரே கேட்டில் ஆறு ஏழு சொருகுவார்கள், காலி வீடு என்றால் இன்னும் வசதி, கேட்க ஆள் இல்லை. மடிப்பாக்கத்து சார் கவலைப்படுவது இதைத்தான். இப்போது கேட் முன்னால் நின்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்களாம், அதற்கும் பையன்கள் வழி வைத்திருப்பார்கள்.

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போகிறவர்மேல் எங்களுக்குக் கோபமே கிடையாது. கை நீட்டி வாங்கி நாலடி தள்ளிக் கீழே போடுகிறவர்தான் பிரச்சினை. அந்த இடத்தைச் சாயங்காலம் பெருக்கச் சொல்லி எங்களைத்தான் பிடிப்பார்கள்.

வேளச்சேரியிலிருந்து:

எங்கள் குடியிருப்பு சங்கத்தில் நான் செயலாளர். தம்பி சொன்ன 'தீர்ந்ததா' கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் வழி கண்டுபிடித்தோம்.

முதலில் 'நோட்டீஸ் போடாதீர்கள்' என்று போர்டு வைத்தோம். போர்டிலேயே நோட்டீஸ் சொருகிவிட்டுப் போனார்கள். வாட்ச்மேனை விரட்டச் சொன்னோம், அவருக்கும் பையன்களுக்கும் தினம் சண்டை. அப்புறம் ஒரு பையனை உட்கார வைத்து விசாரித்ததில், அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு அத்தாட்சி என்று தெரிந்தது. இந்தக் குடியிருப்பில் போட்டுவிட்டேன் என்று சூப்பர்வைசரிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது கேட் அருகில் ஒரு ஸ்டாண்ட் இருக்கிறது. யார் வந்தாலும் ஐந்து நோட்டீஸ் அதில் வைத்துவிட வேண்டும். வாட்ச்மேன் அவர்கள் தாளில் சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்பைக் குத்தித் தேதி போட்டுக் கொடுப்பார். மாடி ஏறும் வேலை மிச்சம் என்று பையன்களுக்குச் சந்தோஷம். நாற்பத்தெட்டு வீட்டுக்குப் போட வேண்டியதில் நாற்பத்து மூன்று மிச்சமாகிறது, அதை அவர்கள் எங்கே கொண்டுபோய்ப் போடுகிறார்கள் என்பது எங்கள் கையில் இல்லை. வேண்டியவர்கள் ஸ்டாண்டில் எடுத்துப் பார்க்கிறார்கள். தையல் வகுப்பு, பாட்டு வகுப்பு நோட்டீஸ் சீக்கிரம் காலியாகிவிடும். மனை விற்பனை மாதக் கடைசி வரை அப்படியே இருக்கும்.

கோவையிலிருந்து:

செயலாளர் சார், அந்த நாற்பத்து மூன்றுதான் என் தலையில் ஓடுகிறது. உங்கள் பக்கம் இப்படி ஸ்டாண்ட் வைத்திருக்கும் குடியிருப்புகள் எத்தனை என்று தெரிந்தால், ஏஜென்சிக்காரர்களிடம் நானே பேசுகிறேன். ஒரு குடியிருப்புக்கு ஐந்து என்று கணக்குப் போட்டால் ஐயாயிரம் ஆர்டர் எண்ணூறில் முடியும். அந்த எண்ணூறுக்குப் பிளேட் போட வேண்டாம், டிஜிட்டலில் எடுத்துவிடலாம். நல்ல பேப்பரில், ஒரு பக்கம் மட்டும்.