'கிரேஸ்லேண்ட்' படத்து டிரைவரைக் குற்றவாளி என்பீர்களா?

ஆனையூர்க்காரன்:
ரான் மொராலஸ் இயக்கிய பிலிப்பைன்ஸ் படம். 2012இல் நியூயார்க் டிரைபெக்கா விழாவில் திரையிட்டார்கள். மணிலாவில் ஓர் அரசியல்வாதிக்கு டிரைவராக இருக்கிறான் மார்லன். முதலாளி சிறுமிகளைத் தேடிப் போகும்போது கார் ஓட்டுவது இவன்தான். அந்த முதலாளி மகளைக் கடத்த வந்தவர்கள் ஆள் மாறி இவன் மகளைத் தூக்கிவிடுகிறார்கள்.

விமர்சனங்களைத் தேடிப் படித்தேன். விறுவிறுப்பைப் பாராட்டுகிறார்கள். இத்தனை இருட்டு தேவையா என்றும் கேட்கிறார்கள். மார்லனைப் பாவம் என்று எழுதுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நான் 11 வருடமாக டிரைவர். முன்பு வேலை பார்த்த இடத்தில், ஒரு நாள் ராத்திரி இரண்டு மணி வரை அழகர்கோவில் ரோட்டில் ஒரு பண்ணை வீட்டு வாசலில் வண்டியோடு காத்திருந்தேன். உள்ளே யார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலையில் சாவியை வாங்கியிருப்பார்கள். அப்போது மகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டவேண்டிய நேரம். ஓட்டியவனும் உடந்தைதானே?

செல்லூர் அக்கா:
தம்பி, சிறுமிகளைக் காட்டும் அந்த விடுதிக் காட்சியிலேயே படத்தை நிறுத்திவிட்டேன். கொடுமை என்று சொல்ல வந்த படம் அதையே ஏன் அவ்வளவு நேரம் காட்ட வேண்டும்? எனக்கும் 12 வயதில் மகள் இருக்கிறாள். டிரைவரைப் பற்றி யோசிக்கவே மனம் வரவில்லை.

திருமங்கலம் வாசகன்:
ஜப்பான் இயக்குநர் குரோசாவாவின் 'ஹை அண்ட் லோ' (1963) பாருங்கள். அதிலும் முதலாளி பையனுக்குப் பதிலாக டிரைவர் பையனைத்தான் கடத்துவார்கள். ஆனால் பணத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று முதலாளிதான் தவிப்பார், அந்த டிரைவர் ஓரமாகத் தலைகுனிந்து நிற்பார். மொராலஸ் அந்த ஓரத்து ஆளை நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறார். அப்படி நிறுத்தியதும் அவன் கையிலும் அழுக்கு தெரிகிறது. உடந்தைதான். ஆனாலும் மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது வேலையை விட்டிருப்பானா? இரண்டும் உண்மை என்பதால்தான் எனக்கு இந்தப் படம் பிடிக்கிறது.

ஆனையூர்க்காரன்:
அக்கா, அந்தக் காட்சியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. வாசகன் அண்ணே, 'ஓரத்து ஆள்' என்றீர்களே, அதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். படத்தை என் வீட்டுக்காரியும் கூட உட்கார்ந்து பார்த்தாள். பாதியில், "அன்னைக்கு ராத்திரி அந்தப் பண்ணை வீட்டுல யாருங்க இருந்தா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். வண்டியில் திரும்பும்போது பின் சீட்டில் ஒரு பெண் அழுதுகொண்டே வந்ததை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.