கிராபிக்ஸ் கார்டுக்கு வேறு கூலர் பூட்டி டெஸ்ட் பண்ணினவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சாம்பல்தீவான்
மச்சானின் கார்டு ஜிடிஎக்ஸ் 1070. பழைய கூலரில் ஃபர்மார்க் (கார்டை முழுப் பாரத்தில் ஓட்டுகிற டெஸ்ட் மென்பொருள்) போட்டால் 83 பாகைக்குப் போய் நிற்கும், க்ளொக், அதாவது சிப் ஓடுகிற வேகம், இறங்கும், எல்லாருக்கும் தெரிந்த கதைதான். மூன்று ஃபான் உள்ள பெரிய கூலர் ஒன்றை வாங்கிப் பூட்டினோம். கச்சான் காற்று அடிக்கிற பின்னேரம், அறையே 34 பாகை. கார்டின் முக்கிய சிப்பின் சூட்டைக் காட்டுகிற ஜிபியூ-இசட் மென்பொருள் 64 காட்டுகிறது, ஃபான் சத்தமே இல்லை, மச்சானுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்த நேரம் கேசுக்குள் டிக் என்று ஒரு சத்தம். டோர்ச் அடித்துப் பார்த்தால், மெமரி சிப்பில் ஒட்டியிருந்த குட்டி அலுமினிய ஹீட்சிங் (சூட்டை இழுத்துக் காற்றில் விடுகிற துண்டு) ஒன்று கீழே பவர் சப்ளை மூடியில் கிடக்கிறது. டவர் கேசில் சிப்பெல்லாம் நிலத்தைப் பார்த்தபடிதானே இருக்கும், கூலரோடு வந்த டேப் சூட்டில் இளகி விட்டுவிட்டது. அது விழுந்த பிறகும் அந்த 64 அசையவே இல்லை, அதுதான் இன்னும் மனதுக்குள் நிற்கிறது. 1070இல் மெமரிச் சூட்டை மென்பொருளில் பார்க்க வழியில்லை. சத்தம் காதில் விழாமல் இருந்திருந்தால் டெஸ்ட் பாஸ் என்று எழுதிவிட்டு மூடியிருப்போம். உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

கிண்ணியா நானா
தம்பி, 83இல் இருந்து 64ஐக் கழித்து 19 பாகை குறைந்தது என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். 83 என்பது கார்டு தானாகவே க்ளொக்கைக் குறைத்துப் பிடித்து நிற்கிற இடம், அந்தப் பழைய கூலரின் உண்மையான சூடு இல்லை. குறைக்க விடாமல் ஓட்டியிருந்தால் இன்னும் மேலே போயிருக்கும். ஆகவே சூட்டோடு க்ளொக்கையும் எழுதுங்கள். அறைச் சூட்டைக் கழியுங்கள்: 34 அறையில் 64 என்றால் 30, அதுதான் உங்கள் எண். விடியற்காலையில் ஒரு கூலரையும் மத்தியானம் மற்றதையும் சோதித்தால் திருகோணமலை வெயில்தான் வெல்லும். ஃபான் வேகத்தை இரண்டுக்கும் ஒரே அளவில் பூட்டுங்கள், கேசின் பக்க மூடியைக் கட்டாயம் போடுங்கள், குறைந்தது 20 நிமிடம் ஓடவிட்டுக் கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் எடுங்கள். அப்புறம் ஃபர்மார்க்கை மட்டும் நம்ப வேண்டாம், அதில் கார்டு தனக்கு வைத்த 150 வாட் மின்சார எல்லையில் முட்டிக்கொண்டே நிற்கும், விளையாட்டு ஒன்றையும் ஓட்டிப் பாருங்கள்.

என் கதை சின்னது. 2022 மார்ச் கடைசி, நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் கட். இரவு கரண்ட் வந்ததும் புதுக் கூலரோடு டெஸ்ட் தொடங்கினேன், சூடு ஏறி ஒரே நிலைக்கு வருகிற நேரம் பார்த்துக் கரண்ட் திரும்பப் போய்விட்டது. இருட்டில் கார்டின் பின்பக்கத்தைத் தொட்டேன், விரலை வைக்க ஏலவில்லை. ஃபான் நின்றுவிட்டது, சூடு மட்டும் உள்ளேயே நிற்கிறது. அந்தப் பின்பக்கச் சூட்டை எந்த எண்ணும் எனக்குக் காட்டவில்லை.

உப்புவெளிக்காரி
நானா, கணக்கு சரி. ஆனால் நீங்கள் இருவரும் முதல் நாள் எண்ணைப் பற்றியே கதைக்கிறீர்கள். கடல் தெரிகிற வீட்டில் இருக்கிற எனக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு வருகிற எண்தான் முக்கியம். 2022 செப்டம்பரில், கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் எடுக்கிற மைனிங் நின்றபிறகு வாங்கிய பழைய கார்டு என்னுடையது. அதன் கூலரைக் கழற்றும்போது ஒரு திருகாணி சுழலவே இல்லை, தலை மாவாக உதிர்ந்து ஸ்க்ரூட்ரைவர் நுனியில் சிவப்பாக ஒட்டிக்கொண்டது. மற்ற மூன்றும் கழன்றபின் அந்த ஒன்றோடு ஒரு பின்னேரம் முழுக்கப் போராடினேன், போர்டில் கீறல் விழுந்துவிடுமோ என்று கை நடுங்கியது. இப்போது மோர்ஃபியஸ் 2 என்ற கூலரைப் போட்டிருக்கிறேன், அது ஃபான் இல்லாமல்தான் வரும், 120 மில்லிமீட்டர் இரண்டை நாமே வாங்கிப் பூட்ட வேண்டும். வாடைக் காலம் முடிந்ததும் தகடுகளுக்கு இடையில் ஈரமும் உப்பும் தூசும் சேர்ந்து கட்டியாகிவிடும். மென்தூரிகையால் தட்டி எடுத்து, பிறகு அதே அறைச் சூட்டில் திரும்பவும் ஓட்டிப் பார்ப்பேன்.

ஓர்ஸ்ஹில் பெடியன்
இதெல்லாம் தேவையில்லாத செலவு என்பது என் எண்ணம். பழைய கூலரின் பிளாஸ்டிக் மூடியையும் சின்ன ஃபான்களையும் கழற்றிவிட்டு, 120 மில்லிமீட்டர் ஃபான் இரண்டைக் கேபிள் டையால் கட்டினேன். மெமரிக்கும் விஆர்எம்முக்கும் (சிப்புக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கிற பகுதி) கம்பனி வைத்த, சூட்டைக் கடத்துகிற பேட் அப்படியே இருக்கிறது, விழுவதற்கு ஒன்றும் இல்லை. அக்கா, உப்பு எந்தக் கூலரையும் விடாது, அதற்கு மோர்ஃபியஸ் எதற்கு?

உப்புவெளிக்காரி
தம்பி, என் கார்டின் பழைய ஹீட்சிங்கில் தகடு பாதி அரித்துப் போயிருந்தது. எதில் கொண்டுபோய் ஃபானைக் கட்டச் சொல்கிறீர்கள்?

சாம்பல்தீவான்
நானா சொன்னபடி க்ளொக்கையும் குறித்துக்கொண்டு திரும்ப ஓட்டுகிறோம். விழுந்ததை இரண்டு பசை கலந்து ஒட்டுகிற தேர்மல் க்ளூவால் ஒட்டியாச்சு. அதை ஒட்டினால் பிறகு கழற்ற ஏலாது, வொரன்டி உள்ள கார்டில் செய்ய வேண்டாம். மற்றவற்றையும் ஒவ்வொன்றாக விரலால் அசைத்துப் பார்த்தோம், இன்னொன்றும் ஆடியது.