விதி மனப்பாடமா, வாசிப்பா: வங்கி, எஸ்எஸ்சி ஆங்கிலத்துக்கு எது கை கொடுக்கும்?

குலசேகரம்_பால்வெட்டு:
எல்லாருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. அப்புறம் நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணிதம். இப்போது விடியற்காலை அப்பாவோடு ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விட்டு, மீதி நேரம் ஐபிபிஎஸ் கிளார்க் (வங்கி எழுத்தர் தேர்வு), எஸ்எஸ்சி சிஜிஎல் (மத்திய அரசு வேலைக்கான பட்டதாரித் தேர்வு) இரண்டுக்கும் படிக்கிறேன். கணக்கிலும் ரீசனிங்கிலும் பயமில்லை. ஆங்கிலத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன். ஐபிபிஎஸ் பிரிலிம்ஸில் (முதல்நிலைத் தேர்வில்) ஒவ்வொரு பகுதிக்கும் தனி கட்-ஆஃப், அதாவது எடுத்தே ஆக வேண்டிய மதிப்பெண். அதனால் மற்ற இரண்டில் அள்ளினாலும் பிரயோஜனமில்லை.

கூடப் படிக்கிறவன் "கிராமர் விதிகளை மனப்பாடம் பண்ணு, பழைய வினாத்தாள்களைப் போட்டுத் தள்ளு" என்கிறான். நூலகத்தில் பழக்கமான ஒரு பெரியவர் "விதியெல்லாம் வேண்டாம், தினமும் ஆங்கிலப் பேப்பர் படி, தானாக வரும்" என்கிறார். இரண்டுக்கும் நேரம் இல்லை. எதைப் பிடிக்க?

வடசேரி_கேஷ்கவுண்டர்:
தம்பி, உன் நண்பன் சொல்வதுதான் சரி. "பேப்பர் படி" என்று அறிவுரை சொல்வது சொல்கிறவருக்குச் சுலபம். எந்தப் பக்கத்தை எப்படிப் படிப்பது, படித்தது ஏறியதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது, இதை யாரும் சொல்வதில்லை.

முதலில் தேர்வைப் பார். சிஜிஎல் முதல் கட்டத்தில் ஆங்கிலம் 25 கேள்வி, 50 மதிப்பெண், தப்புக்கு அரை மதிப்பெண் போகும். இரண்டாம் கட்டத்தில் 45 கேள்வி, ஒன்றுக்கு 3 வீதம் 135, தப்புக்கு 1 போகும். கேட்பது என்ன? பிழை கண்டுபிடி, கோடிட்ட இடம், சினானிம், ஆன்டனிம், இடியம், ஒன் வேர்ட், ஸ்பெல்லிங், ஆக்டிவ்-பாசிவ், டைரக்ட்-இன்டைரக்ட், ஒரு க்ளோஸ் டெஸ்ட் (பத்திக்குள் விட்ட இடங்களை நிரப்புவது), ஒன்றிரண்டு பத்தி. வருடா வருடம் இதே வடிவம்தான். பழைய தாளில் வந்த வார்த்தையும் இடியமும் திரும்பத் திரும்ப வருகின்றன. இருபது வருடம் தலையங்கம் படித்தவனுக்குக்கூட "நோ சூனர்" (no sooner) வந்தால் "தேன்" (than)தான் வர வேண்டும், "வென்" (when) வரக் கூடாது என்பது நினைவிருக்கும் என்று சொல்ல முடியாது. விதியைப் படித்தவனுக்கு அது ஒரு நொடி வேலை.

தக்கலை_டீச்சர்:
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை நான். கேஷ்கவுண்டர் தம்பி சொன்னது எஸ்எஸ்சிக்குப் பாதி சரி, வங்கிக்கு அதுவும் இல்லை.

மக்களே, ஒரு வாக்கியம் தருகிறேன். "தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் சோல்ட் நியர் தி பஸ் ஸ்டாண்ட்ஸ் ஆர் குட்." எழுவாய் ஒருமை என்றால் வினையும் ஒருமை என்ற விதி எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். ஆனால் தாளில் இதைப் பார்க்கும்போது மேங்கோஸ், ஸ்டாண்ட்ஸ் என்று இரண்டு பன்மையைத் தாண்டி வருவதற்குள் எழுவாய் "குவாலிட்டி" என்பது மறந்துவிடும். "ஆர்" சரி என்று நகர்ந்துவிடுவார்கள். விதி தெரிவதும் அது வேண்டிய இடத்தில் கைக்கு வருவதும் வேறு வேறு. நிறையப் படித்த பிள்ளைக்கு அந்த "ஆர்" காதில் இடறும், அது நின்றுவிடும்.

வடசேரி_கேஷ்கவுண்டர்:
டீச்சர், மரியாதையோடு சொல்கிறேன், அந்தக் காது எங்கே விற்கிறது? வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்கு அது சும்மா கிடைக்கும். குலசேகரத்தில் பால்வெட்டி முடித்துவிட்டு வருகிறவனுக்கு அதை உண்டாக்க எத்தனை வருடம்? வயது வரம்பு காத்திருக்காது. கிளார்க்குக்குப் பொதுப் பிரிவில் 28 வரைதான்.

உங்கள் மாம்பழத்தையே எடுத்துக்கொள்வோம். "ஆஃப்" தொடங்கி "ஸ்டாண்ட்ஸ்" வரை பென்சிலால் அடித்துவிடு. மிஞ்சுவது "தி குவாலிட்டி ஆர் குட்". இப்போது யாருக்குத் தெரியாது? கணினியில் பென்சில் இல்லை என்றால் கண்ணால் அடி. இதுவும் விதிதான், ஆனால் கையால் செய்கிற விதி.

இன்னொன்று. நம் பிள்ளைகள் செய்யும் பிழைகள் கண்டபடி வருவதில்லை. "டிஸ்கஸ் அபவுட்", "ரிட்டர்ன் பேக்", "சீனியர் தேன்", இரண்டு வருடமாக என்பதற்கு "சின்ஸ் டூ இயர்ஸ்". ஆர்ட்டிகிளை (எ, ஆன், தி) விடுவது, இல்லையென்றால் தேவையில்லாத இடத்தில் ஒட்டுவது. தேர்வு வைப்பவருக்கும் இது தெரியும், இதைத்தான் கேட்கிறார். நம்முடைய பிழைப் பட்டியல் ஒரு நோட்டில் முப்பது நாற்பது வரிக்குள் அடங்கும்.

களியக்காவிளை_எக்ஸ்பிரஸ்:
ரெண்டு பேரும் கடிகாரத்தை மறந்துவிட்டீர்கள். பிரிலிம்ஸில் 30 கேள்விக்கு 20 நிமிடம், ஒன்றுக்கு 40 விநாடி. தப்புக்குக் கால் மதிப்பெண் போகும். நான் திருவனந்தபுரத்தில் கோச்சிங் போகிறேன், அங்கே முதல் வாரத்திலிருந்தே மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு). முதலில் ஃபில்லர் (கோடிட்ட இடம்), எரர் (பிழை), க்ளோஸ். பத்தி கடைசி. பத்தியிலும் வார்த்தைக்கு அர்த்தம் கேட்கிற கேள்வியை முதலில் எடுத்துவிட வேண்டும், அதற்கு முழுப் பத்தியையும் படிக்க வேண்டாம். விதியும் வாசிப்பும் தெரிந்தவன் நேரத்தில் தோற்பதைக் கண்ணால் பார்க்கிறேன். தம்பி, முடிந்தால் அங்கே சேர்ந்துவிடு. நாகர்கோவிலில் இந்தத் தரம் கிடையாது.

முட்டம்_கலங்கரை:
அண்ணே, ஹாஸ்டல் காசை நீங்கள் கட்டுவீர்களா? நாகர்கோவில் கோணத்தில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, காசு கிடையாது. தமிழக அரசின் "நான் முதல்வன்" திட்டத்தில் எஸ்எஸ்சி, ரயில்வே, வங்கித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதை விட்டுவிட்டு எதற்கெடுத்தாலும் வண்டி ஏறுவது நம் மாவட்டத்தின் பழைய வியாதி.

மாக் விஷயத்துக்கும் வருகிறேன். தப்பான கேள்வியைத் திரும்பப் பார்க்காமல் மாக் மேல் மாக் எழுதினால் அதே தப்பு இன்னும் வேகமாக வரும், அவ்வளவுதான்.

எல்லாரும் கிராமரையே பேசுகிறீர்கள். வெர்பல் ரீசனிங் என்று ஒன்று இருக்கிறதே? ஸ்டேட்மென்ட்-அசம்ப்ஷன் (ஒரு கூற்றுக்குள் சொல்லாமல் இருக்கும் அனுமானம்), சிலாஜிசம் (கூற்றுகளிலிருந்து எந்த முடிவு வரும் என்பது), இன்ஃபரன்ஸ் (சொன்னதிலிருந்து ஊகிப்பது). அதில் தோற்பவர்கள் ஆங்கிலத்தால் தோற்பதாக நினைக்கிறார்கள். தோற்பது தர்க்கத்தில். அதைத் தமிழில் ஒரு தடவை தெளிவாகப் படித்துவிட்டால் போதும்.

நம் ஊர்ச் செய்தியே பாருங்கள். "கோதையாற்றில் வெள்ளப்பெருக்கு; திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை." அசம்ப்ஷன் ஒன்று: தடை போடாவிட்டால் ஆட்கள் குளிக்க இறங்குவார்கள். இரண்டு: தடை போட்டால் ஒருவரும் இறங்க மாட்டார்கள். முதலாவது உள்ளே இருக்கிறது, அது இல்லாமல் தடைக்கே அர்த்தமில்லை. இரண்டாவது இல்லை. இங்கே நம் ஆட்கள் எங்கே விழுகிறார்கள் என்றால், "ஐயே, போன மழைக்குத் தடை போட்டும் பக்கவாட்டில் போய்க் குளித்தார்களே" என்று சொந்த அனுபவத்தை உள்ளே கொண்டுவருவார்கள். உங்களுக்குத் தெரிந்த உலகத்தைத் தேர்வு அறைக்கு வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும். இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் எதற்கு?

தக்கலை_டீச்சர்:
அருமையான உதாரணம் மக்களே. ஆனால் ஒரு சந்தேகம். பி.ஓ. (வங்கி அதிகாரி) தேர்விலும் சிஜிஎல்லிலும் ரீசனிங் ஆங்கிலத்திலோ இந்தியிலோதானே வரும்? தமிழில் புரிந்ததை அந்தச் சில விநாடிக்குள் ஆங்கிலத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டாமா?

முட்டம்_கலங்கரை:
சரிதான் டீச்சர், ஆனால் அதற்குத் தெரிய வேண்டிய ஆங்கிலம் ஒரு கைப்பிடி. சிலாஜிசத்தில் "ஒன்லி எ ஃப்யூ போட்ஸ் ஆர் நெட்ஸ்" என்று வரும். "சில படகுகள் வலைகள்" என்று மட்டும் எடுத்தால் பாதிதான். தேர்வில் அதற்கு, சில படகுகள் வலைகள், சில படகுகள் வலைகள் அல்ல என்று இரண்டும் சேர்ந்த பொருள். அதனால் "எல்லாப் படகும் வலையாக இருக்க வாய்ப்பு உண்டு" என்ற முடிவு தப்பு. "எல்லா வலையும் படகாக இருக்க வாய்ப்பு உண்டு" என்பதில் தடை இல்லை. வட்டம் போட்டுப் பாருங்கள். இந்த மாதிரிச் சொற்களைப் பிடித்துக்கொண்டால் போதும், தலையங்கம் தேவையில்லை.

தம்பிக்கு இன்னொரு விஷயம். வங்கி கிளார்க் தேர்வைத் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளில் நடத்துவதாக 2021-இல் நிதி அமைச்சகம் அறிவித்தது. ரீசனிங்கையும் கணக்கையும் தமிழில் எழுதலாம். ஆங்கிலப் பகுதி மட்டும் ஆங்கிலத்தில்தான்.

வடசேரி_கேஷ்கவுண்டர்:
ஆங்கிலமே வேண்டாம் என்றால் ரயில்வே வேலைக்கான என்டிபிசி தேர்வு இருக்கிறது. அதில் ஆங்கிலப் பகுதியே கிடையாது, தாளும் தமிழில் வரும். யாரும் அதை மட்டமாக நினைக்க வேண்டாம்.

தக்கலை_டீச்சர்:
அது நல்ல யோசனை. ஆனால் இவன் கேட்டது வங்கி. அங்கே பத்தியும் பாரா ஜம்பிளும் (கலைத்துப் போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்துவது) இருக்கின்றன. பாரா ஜம்பிளுக்கு எந்த விதிப் புத்தகம் உதவும்? "திஸ் டிசிஷன்" என்று தொடங்கும் வாக்கியம் முதலில் வர முடியாது, அந்த முடிவு முன்னாலேயே சொல்லப்பட்டிருக்க வேண்டும். "எ ஃபிஷர்மேன்" வந்த பிறகுதான் "தி ஃபிஷர்மேன்" வரும். "ஹி" என்றால் அவன் யார் என்று அதற்கு முந்திய வரியில் இருக்கும். "ஹௌஎவர்" என்றால் முன்வரி எதிர்த் திசையில் போயிருக்கும். இதெல்லாம் படித்துப் படித்து வருவது.

வடசேரி_கேஷ்கவுண்டர்:
டீச்சர், நீங்கள் இப்போது சொன்னது நான்கு விதி.

தக்கலை_டீச்சர்:
நான் அதைப் படித்துக் கற்றேன் தம்பி, மனப்பாடம் பண்ணவில்லை.

வடசேரி_கேஷ்கவுண்டர்:
உங்களுக்கு வருடக்கணக்கில் வந்ததை அவனுக்கு நாலு வரியில் கொடுத்துவிட்டீர்கள். நான் கேட்பதும் அதைத்தான்.

தக்கலை_டீச்சர்:
நாலு வரியைக் கொடுத்தேன். அதைப் பத்திக்குள் பார்த்துப் பழகாவிட்டால் என் மாம்பழக் கதைதான். நான் முழுத் தலையங்கம் படிக்கச் சொல்லவே இல்லை. ஒரு பத்தி போதும். அதில் ஒவ்வொரு "தி" எதைச் சுட்டுகிறது, ஒவ்வொரு "இட்" எதைச் சொல்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். அதற்குப் பெயர்தான் வாசிப்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டில் நம் கன்னியாகுமரி மாவட்டம்தான் முதலிடம், 91.75 சதவீதம். அந்தப் பெருமை நம் பிள்ளைகளுக்கு ஒரு வகையில் பாரம். எனக்கு ஆர்ட்டிகிள் புரியவில்லை என்று வகுப்பில் எழுந்து சொல்ல வெட்கப்படுவார்கள். இவன் இங்கே வந்து வெளிப்படையாகக் கேட்டிருக்கிறான், எனக்கு அது பிடித்திருக்கிறது.

களியக்காவிளை_எக்ஸ்பிரஸ்:
ஒரு பத்திக்கு விரல் வைத்துக்கொண்டிருந்தால் 20 நிமிடம் அதிலேயே போய்விடும்.

தக்கலை_டீச்சர்:
அது வீட்டில் மக்களே. பரீட்சை அறையில் விரல் வேண்டாம், கண் போகும்.

குலசேகரம்_பால்வெட்டு:
அண்ணன்மார், அக்கா, டீச்சர் எல்லாருக்கும் நன்றி. கிளார்க்கை முதலில் எடுக்கிறேன். ரீசனிங்கைத் தமிழில் எழுதலாம் என்று அக்கா சொன்னது பெரிய நிம்மதி. காலையில் மரத்துக்கு மரம் போகும்போது அண்ணன் சொன்ன பிழைப் பட்டியலைச் சொல்லிப் பார்க்கலாம், மத்தியானம் டீச்சர் சொன்ன ஒரு பத்தி. மாக் வாரக் கடைசியில்தான், கோபிக்காதீங்க எக்ஸ்பிரஸ் அண்ணே. கோணம் வகுப்பைப் பற்றி நாளைக்கே நேரில் போய் விசாரிக்கிறேன்.

இப்போதே ஒரு கேள்வி. "ஹார்ட்லி ஹேட் ஹி ரீச்ட் தி ஸ்டேஷன் தேன் தி ட்ரெயின் லெஃப்ட்." பிழை எங்கே? "நோ சூனர்" என்றால் "தேன்" என்று மேலே பார்த்தேன். இது அதே மாதிரிதானே?

வடசேரி_கேஷ்கவுண்டர்:
இல்லை தம்பி. "ஹார்ட்லி"க்கும் "ஸ்கேர்ஸ்லி"க்கும் "வென்". "நோ சூனர்"க்கு மட்டும் "தேன்".

தக்கலை_டீச்சர்:
பதிலைச் சொல்லாதீர்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தேன், அதற்குள் போட்டுவிட்டீர்கள். சரி, அவன் காரணத்தையாவது கேட்கட்டும். மக்களே, "சூனர்" என்பது ஒப்பிடும் சொல். "பெட்டர்", "டாலர்" (taller) எல்லாவற்றுக்கும் பின்னால் என்ன வரும்?

குலசேகரம்_பால்வெட்டு:
"தேன்". ஓ, "ஹார்ட்லி"யில் ஒப்பீடே இல்லை.

வடசேரி_கேஷ்கவுண்டர்:
இதையும் நோட்டில் எழுதிக்கொள் தம்பி, விதியாக.