கான்சாஸ் சூப்பர்செல்: படமெடுக்க எவ்வளவு தூரத்தில் நிற்பது?

கரிசல்காட்டான்:
வணக்கம். மே 20 முதல் ஜூன் கடைசிவரை அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் மகன் வீட்டில் இருப்பேன். கோவில்பட்டிப் பக்கம் இருபது வருடமாக ஐப்பசி மேகங்களைப் படம் பிடித்து வருகிறேன். அங்கே கோடையில் சூப்பர்செல் என்று மொத்த மேகமுமே சுழலுமாமே! ஒருமுறையாவது எடுத்துவிட வேண்டும். 16-35 லென்ஸும் முக்காலியும் இருக்கின்றன. எவ்வளவு பக்கத்தில் போகலாம்? "அப்பா, அது நம் ஊர் மழை இல்லை" என்கிறான் மகன். அவனைச் சம்மதிக்க வைக்கவும் ஒரு வழி சொல்லுங்கள்.

விச்சிட்டாவாசி:
ஐயா, பதினொரு வருடமாக இதே ஊரில் இருக்கிறேன். உங்கள் மகன் சொல்வது சரி. ஆனாலும் வாருங்கள்.

பக்கத்தில் போக வேண்டாம் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இங்கே மேகம் பதினைந்து கிலோமீட்டர் உயரம்வரை எழும்பும். பக்கத்தில் போய்விட்டால் உங்கள் லென்ஸின் 16 மி.மீ. முனையில்கூட அடங்க மறுக்கும். இது தெரியாமல் நான் முதல் தடவை செய்த கூத்தைக் கேளுங்கள்.

மே கடைசி. தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று, மேற்கிலிருந்து வறண்ட காற்று. இரண்டுக்கும் மேலே ஒரு சூடான அடுக்கு, இட்லிக் கொப்பரை மூடிபோல உட்கார்ந்திருந்தது. அந்த மூடி திறக்காமலேயே பொழுது போய்விடும் நாள்கள்தான் அதிகம். நாள் முழுவதும் காரில் சுற்றி, பர்கர் தின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அன்று மாலை ஐந்து மணிக்குத் திறந்தது. 54-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போய், கிரீன்ஸ்பர்க்கில் தெற்கே திரும்பி, கோல்ட்வாட்டர் பக்கம் கோதுமை வயலோரம் நின்றேன். முதுகுப்பக்கமிருந்து காற்று வெந்நீர் ஆவிபோல அடித்தது. கதிர்கள் எல்லாம் மேகத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. புயல் நம்மை நோக்கி ஊதும் என்றுதானே நினைப்போம்? அது தன் பக்கம் உறிஞ்சிக்கொண்டிருந்தது. தரையருகே ஒரு விதமாகவும் உயரத்தில் வேறு விதமாகவும் காற்றின் திசையும் வேகமும் மாறுவதால், மேலேறும் அந்த ஈரக்காற்று திருகிக்கொண்டு ஏறுகிறது. சுழற்சி அப்படித்தான் பிறக்கிறது.

அந்த இடத்திலேயே நின்றிருக்கலாம். கைப்பேசி ரேடாரில் ஆலங்கட்டிப் பகுதி எட்டு கிலோமீட்டர் தள்ளித் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் என்று மண்சாலையில் இறங்கினேன். ரேடார் வானத்தை ஒருமுறை முழுதாக அலசி முடிக்கவே நான்கைந்து நிமிடம் ஆகும். நாம் பார்க்கும் படம் எப்போதும் பழையது. சிவப்பு மண் நனைந்ததும் வெண்ணெயாகிவிட்டது, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. காற்று சட்டென்று நின்றது. பிறகு மேகத்தின் பக்கமிருந்து, குளிர்பெட்டியைத் திறந்ததுபோல, சில்லென்று வந்தது. முதல் கல் காரின் கூரையில் எலுமிச்சை விழுந்ததுபோல ஒற்றையாகக் கேட்டது. அடுத்தவை டென்னிஸ் பந்து அளவு. முன்கண்ணாடி சிலந்திவலையாக வெடித்தது. அதற்குள்ளும் 43 படங்கள் எடுத்தேன். அத்தனையும் சாம்பல் நிறத் துணி!

இருட்டிய பிறகு ஒரு விவசாயி டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து விட்டார். தன் வீட்டுத் திண்ணையில் நின்று கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினார். தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி அவர் வீடு. அடுக்கடுக்காகத் தட்டு கவிழ்த்ததுபோல முழு மேகம், உச்சியில் கொல்லன் பட்டடைபோல விரிந்த தலை, விளிம்பில் அந்தி வெளிச்சம். வலது மூலையில் ஒரு வெள்ளைத் திரை. அதற்குள்தான் நான் இருந்திருக்கிறேன்.

டல்லாஸ் முக்காலி:
பகலில் எஃப்/8, ஐஎஸ்ஓ 200-இல் தொடங்குங்கள். பளிச்சென்ற மேகவிளிம்பு வெளுத்துவிடாமல் பார்த்து எடுங்கள். அந்தி மயங்கியதும் ஐஎஸ்ஓ 100, பத்து முதல் இருபது வினாடி. மின்னல் தானாக வந்து பதியும். ஃபோகஸைக் கையால் வைத்துப் பூட்டிவிடுங்கள், இருட்டில் தானியங்கி ஃபோகஸ் அலையும். ஆனால் விச்சிட்டாவாசி மின்னலைப் பற்றி வாய் திறக்கவில்லையே? வெட்டவெளியில் முக்காலி அருகே நிற்பவர்தான் ஊரிலேயே உயரமானவர். மின்னல் நெருங்கினால் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ரிமோட்டில் எடுங்கள். புதியவர் என்றால் வழிகாட்டியுடன் போகும் சுற்றுலா வண்டியே மேல் என்பேன்.

கரிசல்காட்டான்:
இரண்டு தம்பிகளுக்கும் நன்றி. ஆலங்கட்டிக் கதையை மகனுக்குப் படித்துக் காட்டினேன்; சம்மதம் இன்னும் தள்ளிப்போயிற்று. டொர்னேடோ, அதாவது மேகத்திலிருந்து தரைவரை இறங்கும் சுழற்காற்று, வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறான்.

விச்சிட்டாவாசி:
மின்னலை விட்டது என் தப்பு. சுற்றுலா வண்டியையும் மறுக்கமாட்டேன்.

மகன் கேட்பது நியாயமான கேள்வி. ஓக்லஹோமாவில் எல் ரெனோ அருகே 2013 மே 31-இல் வந்த டொர்னேடோ 4.2 கிலோமீட்டர் அகலம். திடீரென்று திசையும் வேகமும் மாறி, டிம் சமராஸ், அவர் மகன் பால், கார்ல் யங் என்று மூன்று ஆய்வாளர்களைக் கொன்றது. வாழ்நாளெல்லாம் புயலோடு புழங்கியவர்கள். நான் கார் திருப்பிய கிரீன்ஸ்பர்க்கும் 2007 மே 4 இரவில் ஏறக்குறைய முழுதாக அழிந்து, மறுபடி கட்டிய ஊர்.

ஆகவே என் வழக்கம் இது. பெரும்பாலும் புயல் கிழக்கே நகரும், சூப்பர்செல் அதிலிருந்து வலப்பக்கம் விலகும். அதனால் அதன் தென்கிழக்கில், தார்ச்சாலையில், காரின் மூக்கைத் தெற்கே பார்க்க நிறுத்துவேன். மழை சுற்றி மறைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டாலும், இருட்டிவிட்டாலும் கிளம்பிவிடுவேன். முதுகில் அடித்த வெப்பக்காற்று நின்றாலும் அப்படியே. அப்போது முக்காலியை மடிக்கக்கூட நேரம் எடுப்பதில்லை, விரித்தபடி பின்சீட்டில் போடுவேன்.

ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் இருக்கும் புயல் முன்னறிவிப்பு மையம் காலையிலேயே அன்றைய அபாயத்தை ஐந்து படிகளில் வரைபடமாக வெளியிடும். மூன்றாம் படி நிறம் எங்கள் பக்கம் விழும் சனிக்கிழமை எதுவானாலும் நான் வண்டி எடுப்பேன். மகனையும் கூட்டி வாருங்கள், ரேடார் பார்க்க ஒரு ஆள் வேண்டும். எட்டே முக்கால்வரை வெளிச்சம் இருக்கும். சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் கடைகள் சீக்கிரம் மூடிவிடும்.

கரிசல்காட்டான்:
புளிசாதம் என் பொறுப்பு. ரேடார் வேலை என்றதும் மகன், "எந்தச் செயலி?" என்று கேட்டிருக்கிறான்.